அலை தாண்டிப் போனவர்கள்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

1860இல் சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறும் இளைஞனைப் பற்றிய உங்கள் தொடரை விடாமல் படிக்கிறேன். ஆனால் ஒன்று உறுத்துகிறது. ஆள்பிடிப்பவர்கள் ஆசைகாட்டிக் கூட்டிப்போன ஏழைகளின் பாட்டை எப்படிச் சாகசக் கதையாக எழுதுகிறீர்கள்? என் தாத்தாவின் அண்ணன் ரங்கூனுக்குப் போய்த் திரும்பவே இல்லை. அவர் பேச்சை எடுத்தாலே பாட்டி எழுந்து போய்விடுவார்.

ஒரு வாசகி, காசிமேடு

*

அன்புள்ள வாசகிக்கு,

ஏமாற்று நடந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பல வருட ஒப்பந்தம், முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடுதல், தங்க இடம், அரிசி எல்லாம் தாளில் இருந்தன. கரும்புத் தோட்டத்தில் ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொண்டார்கள். அடியும் உண்டு. வரப்போகும் அத்தியாயங்களில் இதை நான் மழுப்பப் போவதில்லை.

ஆனாலும் அவர்களை வெறும் ஏமாளிகளாக எழுத எனக்கு மனம் வரவில்லை. அன்று சென்னையில் துறைமுகமே கிடையாது என்பதை நினைத்துப் பாருங்கள். கட்டும் வேலை 1870களில்தான் தொடங்கியது. 1881இல் வந்த புயல் அதையும் உடைத்துப்போட்டது. இன்று கன்டெய்னர் லாரிகள் மணிக்கணக்கில் வரிசைகட்டி நிற்கும் பக்கமெல்லாம் வெறும் மணலும் அலையும்தான். கப்பல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும். கரையிலிருந்து மசூலா படகில் போக வேண்டும். ஆணியே இல்லாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை மோதும்போது விறைத்து நின்று உடையாமல் வளைந்துகொடுக்கும். கவிழ்ந்தால் ஆளைத் தூக்கக் கட்டுமரங்கள் கூடவே வரும். படகைத் தள்ளியவர்கள் உங்கள் பக்கத்து மனிதர்கள், அலை அவர்களுக்குப் பழக்கம். படகில் உட்கார்ந்திருந்தவர்களோ பெரும்பாலும் கடலிலிருந்து தள்ளியிருந்த கிராமங்களிலிருந்து வந்தவர்கள். கடலையே அப்போதுதான் பார்த்த ஒருத்தி, கைக்குழந்தையோடு அதில் ஏறியிருந்தால் அவள் மனசு என்ன பாடுபட்டிருக்கும்! அந்த ஒரு காட்சிக்காகத்தான் இந்தத் தொடரையே ஆரம்பித்தேன்.

ட்ரூரோ என்ற கப்பல் 1860 அக்டோபரில் 342 பேரோடு இங்கிருந்து கிளம்பி, நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. பெயர், அப்பா பெயர், ஊர், சாதி, வயது, உடம்பில் இருக்கும் தழும்பு என்று ஒவ்வொருவரையும் பதிவேட்டில் எழுதிவைத்தார்கள். ஏன் போனார் என்பதற்கு அதில் இடமில்லை. பஞ்சமா, கடனா, சேரிக்குள் அடைபட்ட வாழ்க்கையா, பிடிக்காத கல்யாணமா? கதை எழுதுகிறவனுக்கு அங்கேதான் வேலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1871இல் நேட்டாலிலிருந்து திரும்பியவர்கள் சென்னையில் இறங்கியதும் வாயை மூடிக்கொண்டு ஊருக்குப் போய்விடவில்லை. கூலி கொடுக்காததையும் அடித்ததையும் அதிகாரிகளிடம் சொன்னார்கள். அந்தப் புகார் இந்திய அரசாங்கத்தை அசைத்தது. மறுவருடம் நேட்டாலில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. 1866இல் நின்றுபோயிருந்த ஆளனுப்பல், விதிகளை மாற்றிய பிறகு 1874இல்தான் திரும்பத் தொடங்கியது. படிப்பறிவு அதிகமில்லாத கூலிக்காரர்கள், இரண்டு அரசாங்கங்களைத் தங்கள் பேச்சைக் கேட்கவைத்திருக்கிறார்கள். இதைச் செய்தவர்களைச் சாகசக்காரர்கள் என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

சரி, உங்கள் பெரிய தாத்தாவுக்கு வருகிறேன். ரங்கூன் பயணம் வேறு மாதிரி. நாட்கணக்கில் போய்விடலாம், போனவர்கள் வருவதும் திரும்பப் போவதுமாக இருந்தார்கள். 1941 டிசம்பரில் ஜப்பான் அங்கே குண்டு போட்டபோது லட்சக்கணக்கானவர்கள் காட்டுவழியாக நடந்தே இந்தியாவுக்குக் கிளம்பினார்கள். பலர் வழியிலேயே காய்ச்சலிலும் பசியிலும் செத்தார்கள். அவர் போனது அதற்கு முன்பா, பின்பா? கடைசிக் கடிதம் எந்த வருடம் வந்தது? மில்லிலா, துறைமுகத்திலா, என்ன வேலை? பாட்டி இருந்தால், அவராகப் பேசும் ஒரு நாளில் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். வீட்டில் பழைய மணியார்டர் ரசீது ஏதாவது இருந்தால் அதையும் பத்திரப்படுத்தி, எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.