கே2 எந்த மலைத்தொடர்? காரகோரமா, இமயமா?

கே2 சிகரத்துக்குக் காரகோரம்னே குறிங்க. வேளச்சேரி கோச்சிங் மாதிரித் தேர்வில் "கே2 எந்த மலைத்தொடரில் உள்ளது?" என்பதற்குக் காரகோரம் போட்டு மார்க் போச்சுன்னு கேட்டிருந்தீங்க. உங்க விடைதான் சரி, ஆன்சர் கீ தப்பு.

குழப்பம் பெரும்பாலும் "ட்ரான்ஸ் இமயமலை" (இமயத்துக்கு அப்பால் உள்ள மலைகள்) என்ற பாடப்புத்தகத் தலைப்பால வருது. காரகோரம், லடாக், சாஸ்கர் எல்லாத்தையும் அதுக்குள்ள அடைச்சிட்டாங்க. படிக்கிறவங்க முன்னால இருக்கிற "ட்ரான்ஸ்"ஐ விட்டுடறாங்க.

சரிபார்க்க, மேப்பை டெரெய்ன் வியூவில் (மலை, பள்ளம் தெரியும்படி) போட்டு, சிந்து நதிக்கரையில் இருக்கிற ஸ்கர்து ஊரைத் தேடுங்க. அதுக்குச் சற்றுக் கிழக்கே ஷியோக் ஆறு சிந்துவில் சேரும். ஷியோக்குக்கு வடக்கே காரகோரம், சிந்துவுக்குத் தெற்கே இமயம். கே2 (8,611 மீ) வடக்கே. நங்க பர்பத் சிகரம் (8,126 மீ) சிந்துவுக்குத் தெற்கே, அது இமயம்தான்.

பேரே சாட்சி சொல்லும். 1856-ல் பிரிட்டிஷ் நில அளவையாளர் மாண்ட்கோமரி தூரத்திலிருந்து அளந்து கே1, கே2ன்னு எண் போட்டார். அந்த "கே" காரகோரம். கே1க்கு மஷெர்ப்ரும்னு உள்ளூர்ப் பேர் இருந்ததால் அது நிலைச்சது, கே2க்கு எண்ணே பேராயிடுச்சு. (இந்த நில அளவைத் திட்டத்துக்கு 1802-ல் அதைத் தொடங்கின லாம்டன் அடிக்கோடு (முதல் அளவுக்கோடு) அளந்தது நம்ம பரங்கிமலைப் பக்கம்தான். தினமும் எலக்ட்ரிக் ட்ரெயின்ல தாண்டிப் போறோம்!)

ஒண்ணு கவனிங்க: ஆப்ஷனில் காரகோரம் இல்லாம ட்ரான்ஸ் இமயமலை மட்டும் இருந்தா, அதைக் குறிங்க. "இந்தியாவின் உயர்ந்த சிகரம்" வேற பஞ்சாயத்து. கே2 பாகிஸ்தான் கட்டுப்பாட்டுப் பகுதியில இருக்கிறதால சில கீயில் கே2, சிலதில் கஞ்சன்ஜங்கா (8,586 மீ). அதுக்கு உங்க பாடப்புத்தகம் சொல்றதையே எழுதுங்க.