படம் இல்லாத பிரதி வேண்டாம்

கேள்வி: மெக்சிகோவின் பழங்காலத்தை நேரில் அலைந்து பார்த்தவர் எழுதிய பயண நூல் ஒன்று சொல்லுங்கள். இங்கே கடைகளில் சுற்றுலா வழிகாட்டிகள்தான் கிடைக்கின்றன. (வாசகர், செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: அமெரிக்கப் பயணி ஜான் லாயிட் ஸ்டீபன்ஸ் 1843இல் வெளியிட்ட 'இன்சிடென்ட்ஸ் ஆஃப் டிராவல் இன் யுகடான்' நூலைத் தேடுங்கள். யுகடான் என்பது மெக்சிகோவின் தென்கிழக்குத் தீபகற்பம். இரண்டு தொகுதிகள். 1841இல் வந்த அவருடைய இன்னொரு நூலின் தலைப்பும் ஏறக்குறைய இதேதான். மத்திய அமெரிக்காவும் தெற்கு மெக்சிகோவின் சியாப்பாஸும் அதில் வரும். ஆர்டர் கொடுக்கும்போது ஆண்டைப் பாருங்கள்.

நூலின் உயிர் ஃபிரெடரிக் கேதர்வுட் வரைந்த படங்களில் இருக்கிறது. மொத்தம் 120. எகிப்தியச் சின்னங்களை முன்பே வரைந்து பழகியவர் ஒப்பிட்டுப் பார்க்க உடன் இருந்தது, யுகடானின் பழைய மாயா நாகரிகக் கட்டடங்களை எழுப்பியவர்கள் அந்த மண்ணின் மக்களுடைய முன்னோரே என்று ஸ்டீபன்ஸ் அடித்துச் சொல்ல உதவியது. இரண்டாம் தொகுதியில் போலோன்சென் என்ற ஊரின் குகைப் படத்தை நிதானமாகப் பாருங்கள். மரத்தண்டுகளைக் கட்டிச் செய்த ராட்சத ஏணியில் மக்கள் தண்ணீர் சுமந்து ஏறுகிறார்கள். ஆறில்லாத சுண்ணாம்புக்கல் பூமியில் ஓர் ஊர் எப்படிப் பிழைத்தது என்பது அங்கே புரியும். அவர்கள் யுகடானிலிருந்து கொண்டுவந்த செதுக்கு மரவிட்டங்கள் 1842இல் நியூயார்க்கில் தீக்கிரையாயின. அச்சில் மிஞ்சியதன் அருமை அதனால் இன்னும் கூடுகிறது.

ஆகவே மலிவு மறுபதிப்பில் ஏமாறாதீர்கள். ஆர்டர் வந்த பிறகு அச்சடித்துத் தரும் பிரதிகள் பலவற்றில் ஸ்கேனிலிருந்து கணினி படித்தெடுத்த எழுத்து மட்டும் இருக்கும். படம் இருக்காது, மாயா ஊர்ப்பெயர்கள் குதறிக் கிடக்கும். சிலவற்றில் மடிப்புத் தாளை விரிக்காமலே ஸ்கேன் எடுத்திருப்பார்கள்; வரைபடம் பாதியில் நின்றுவிடும். டோவர் பதிப்பகத்தின் 1963 மறுபதிப்பு நம்பகமானது. இரு தொகுதிகளின் அட்டை, படப்பட்டியல், வரைபடம் ஆகியவற்றைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுப் பணம் கட்டுங்கள். ஒரு தொகுதியை முழு நூல் என்று விற்பதும் நடக்கிறது. பினாங்கு போனால் சௌராஸ்தா சந்தை மாடியில் உள்ள பழைய புத்தகக் கடைகளிலும் விசாரியுங்கள். நம் ஊர் ஈரத்துக்குப் படத்தாள்களில் பழுப்புப் புள்ளி விழுந்திருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள்.

மாயா எழுத்துகளைப் படிக்க அன்று யாருக்கும் தெரியாது. அதனால் ஸ்டீபன்ஸின் காலக்கணிப்பை இன்றைய நூல் ஒன்றோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பண்ணைக் கூலிகள் கடனில் கட்டுண்டு கிடந்ததையும் சவுக்கடியையும் எழுதியிருக்கிறார். தோட்டப்புறத்திலிருந்து வந்த நம் குடும்பங்களுக்கு அந்தப் பக்கங்கள் சுடும்.

காத்திருக்க முடியாதென்றால், காப்புரிமை முடிந்த நூல் என்பதால் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பழைய பிரதியை அப்படியே ஸ்கேன் செய்த பிடிஎஃப்பை மட்டும் இறக்குங்கள்.