டாக்டர் சீட்டுக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள்

சாட்ஸ்வொர்த் அக்காவுக்கு,

மகன் இந்த வருடம் மெட்ரிக் (பள்ளி இறுதித் தேர்வு) எழுதுகிறான், இங்கே தென்னாப்பிரிக்காவில் மருத்துவத்துக்கு மார்க் போதாது, உங்கள் அண்ணன் வெளிநாட்டுக்கு அனுப்பச் சொல்கிறார், அதற்காக வீட்டின் மேல் இரண்டாவது பாண்டு (அடமானக் கடன்) எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனாலும் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: எடுக்காதீர்கள்.

வெளிநாட்டில் பட்டம் வாங்கி வந்தவுடனே இங்கே வைத்தியம் பார்க்க முடியாது. டாக்டர்களைப் பதிவு செய்யும் எச்.பி.சி.எஸ்.ஏ. கவுன்சிலின் தேர்வில் தேற வேண்டும், அப்புறம் இன்டர்ன்ஷிப் இடத்துக்குக் காத்திருக்க வேண்டும். அந்த மாதங்களிலும் வங்கி தவணை கேட்கும். ரேண்ட் விழுந்தால் அங்கே கட்டும் பணமும் ஏறும். அண்ணன் அவ்வளவு உறுதியாக இருந்தால், ஜாமீன் கையெழுத்துப் போடுவாரா என்று கேட்டுப் பாருங்கள்.

பி.காம்., ஐ.டி. பற்றிச் சொல்ல ஊரே இருக்கிறது. உங்கள் கடிதத்தில் குறையாக எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. பக்கத்து வீட்டு கேட் மோட்டாரைப் பிரிப்பதற்கு முன்னால், எந்த ஒயர் எங்கே போகிறது என்று நோட்டில் வரைந்து வைத்துக்கொண்டானாமே! பல பேர் கழற்றிவிட்டுத்தான் யோசிப்பார்கள். இவனுக்கு மில்ரைட் வேலை பொருந்தும்.

எலெக்ட்ரீஷியன் வேலையும், மெஷின் பாகங்களைப் பொருத்திச் சரிசெய்யும் பிட்டர் வேலையும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் அவர்தான் மில்ரைட். ராத்திரி ஷிப்டில் கன்வேயர் நின்றுவிட்டால் மோட்டார் எரிந்ததா, பேரிங் இறுகியதா, சென்சாரில் தூசியா என்று அவரே கண்டுபிடிக்க வேண்டும். டர்பனில் கார், காகிதம், சர்க்கரை, துறைமுகம் என்று எங்கும் இவர்கள் தேவை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ப்ராஸ்பெக்டன் டொயோட்டா ஆலை மூழ்கி, மாதக்கணக்கில் நின்றது. அப்படி ஒரு ஆலையை மறுபடி ஓட்டுவது இந்த மாதிரிக் கைகள்தான்.

அப்ரென்டிஸாகச் சேர்ந்தால் மூன்று, நான்கு வருடம் ஆகும். செட்டாவில் (அந்தந்தத் தொழில்துறைக்கான பயிற்சி ஆணையம்) பதிவான ஒப்பந்தம் இருக்கும், கையில் மாதாமாதம் கொஞ்சம் பணமும் வரும். செய்த வேலையை லாக்புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். கடைசியில் ட்ரேட் டெஸ்ட். தேறினால் ரெட் சீல், அதாவது தேர்ந்த தொழிலாளி என்ற சான்றிதழ்.

"காலம் பூரா ஸ்பேனர் பிடிப்பானா?" என்கிறீர்கள். இல்லை அக்கா. சார்ஜ்ஹேண்ட், போர்மேன் என்று ஏறுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வழியாகத்தான் வருகிறார்கள். ஷிப்ட் தொடங்கும்போது ஐந்து நிமிட டூல்பாக்ஸ் டாக்: இன்று என்ன வேலை, எங்கே ஆபத்து, யார் யாரோடு. மெஷினைத் திறக்கும் முன் ஒவ்வொருவரும் தன் பூட்டை ஐசோலேட்டரில் (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். புரொடக்‌ஷன் மேனேஜர் வந்து கத்தினாலும் அடுத்தவன் பூட்டை உடைக்க விடாமல் நிற்கிறவர்தான் நல்ல போர்மேன். அவர் அதிகம் பேச வேண்டியதில்லை, பிள்ளை கூச்சப்படுகிறான் என்று கவலைப்படாதீர்கள்.

சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பதற்கும் காரணம் உண்டு. 1922 அப்ரென்டிஸ் சட்டத்தின் படிப்புத் தகுதியும், பின்னால் வந்த, வெள்ளையருக்கென்று வேலைகளை ஒதுக்கிய சட்டமும் நம் தாத்தாக்களை இந்தத் தொழில்களுக்குள் எளிதில் விடவில்லை. வெளியே நிறுத்தப்பட்ட வேலையை மட்டமான வேலை என்று நினைத்துப் பழகிவிட்டோம். (இன்றைக்கு அதே வீடுகளில் பிளம்பர் கிடைக்கவில்லை என்று புலம்பல்!)

ஒன்றில் கறாராக இருங்கள். முன்பணம் கேட்கும் தனியார் காலேஜ் எதுவானாலும், அந்தப் படிப்புக்கு கியூ.சி.டி.ஓ. (தொழிற்படிப்புகளின் தரத்தைப் பார்க்கும் அரசு அமைப்பு) அங்கீகாரம் உண்டா, வேலையிடம் யார் தருவார்கள் என்று எழுத்தில் வாங்காமல் ஒரு ரேண்ட்கூடக் கட்டாதீர்கள். அரசு டிவெட் (தொழிற்கல்வி) காலேஜான தெக்வினி, கோஸ்டல் கே.இசட்.என். இரண்டையும் முதலில் விசாரியுங்கள். குடும்ப வருமானம் வருடத்துக்கு 3,50,000 ரேண்டுக்குள் இருந்தால், டிவெட் படிப்புக்கு என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதி உதவிக்கும் விண்ணப்பிக்கலாம்.

கணக்கும் பிசிக்கல் சயின்ஸும் இப்போது முக்கியம், லைஃப் சயின்ஸ் டியூஷன் பணத்தை அந்தப் பக்கம் திருப்புங்கள். அடையாள அட்டை நகலுக்கு போலீஸ் ஸ்டேஷனில் சான்றொப்பம் இலவசம். பழைய சான்றொப்பத்தைப் பல இடங்களில் ஏற்க மாட்டார்கள், அனுப்பும் சமயத்தில் புதிதாக வாங்குங்கள். விண்ணப்பத்தை நீங்கள் நிரப்பாதீர்கள், அவனே எழுதட்டும்.