படபடவென்று பேசும் மகளுக்கு எந்தத் துறை?

உங்கள் மகள் நேர்முகத் தேர்வு ஒத்திகையில் படபடவென்று பேசி முடித்துவிடுகிறாள், அதனால் ஆசிரியர் வேலை, சட்டம் எல்லாம் அவளுக்கு ஒத்துவராதோ என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து இதை வைத்துத் துறையை முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலும் இது பயிற்சியில் சரியாகிவிடும்.

பேச்சுக்கு மூலதனம் மூச்சுதான். நுரையீரலிலிருந்து வெளியேறும் காற்று குரல்வளையில் உள்ள குரல்நாண்களை அதிர வைக்கிறது. வளர்ந்த பெண்களுக்கு நொடிக்குச் சுமார் 200 முறை, ஆண்களுக்கு ஏறக்குறைய அதில் பாதி. அந்த ஒலியைத்தான் நாக்கும் உதடும் அண்ணமும் சொற்களாக மாற்றுகின்றன. பேசும்போது நாம் சட்டென்று மூச்சை இழுத்து, அதை நீளமாக விட்டபடியே பேசுகிறோம். பயத்தில் இந்த ஒழுங்கு கெட்டுவிடும். மூச்சு மேலோட்டமாகிவிடும். இருக்கிற கொஞ்சக் காற்றுக்குள் பதிலை முடித்துவிட உங்கள் மகள் ஓடுகிறாள். அதனால்தான் வாக்கியத்தின் கடைசிச் சொற்கள் தேய்ந்துபோகின்றன. குரல்வளைத் தசைகள் இறுகுவதால் குரலும் மேலே ஏறிவிடுகிறது.

எனவே "மெதுவாப் பேசு" என்று சொல்லிக்கொண்டே இருப்பதை நிறுத்துங்கள். அது பதற்றத்தைத்தான் கூட்டும். அதற்குப் பதிலாக, கேள்வி முடிந்ததும் வாயை மூடி, வயிறு லேசாக விரியும்படி ஒரு மூச்சு இழுத்துவிட்டுப் பதிலைத் தொடங்கச் சொல்லுங்கள். முதல் வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். ஒரு கருத்து முடிந்ததும் நிறுத்தி, மறுபடி மூச்சு எடுக்கட்டும். அந்த இடைவெளி பேசுபவருக்குத்தான் நீளமாகத் தெரியும். கேட்பவருக்கு அது சொன்னதை மனதில் வாங்கிக்கொள்ளும் நேரம்.

ஆங்கிலத்துக்கு நிமிடத்துக்கு 120 முதல் 150 சொற்கள் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். தமிழில் விகுதிகள் சேர்ந்து சொற்கள் நீள்வதால் அந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். கைப்பேசியில் ஒரு பதிலைப் பதிவு செய்து, அந்த விஷயமே தெரியாத ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். ஒரே தடவையில் அவருக்குப் புரிந்தால் வேகம் சரி.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பேச்சு திக்கினாலோ, பதற்றமே இல்லாத நேரத்திலும் அசைகளை விழுங்கி வீட்டில் உள்ளவர்களுக்கே புரியாமல் பேசினாலோ ஸ்பீச் தெரபிஸ்ட்டைப் பாருங்கள். அப்புறம், குரலும் மூச்சும் இயங்கும் விதம் அவளுக்குப் பிடித்துப்போனால், ஸ்பீச் தெரபி துறையையே படிக்கலாம். உயிரியலோடு மனிதர்களிடம் பொறுமையும் கேட்கும் படிப்பு அது. துறைப் பட்டியலில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.