டே கேர் வீட்டுக்குப் பக்கத்தில்தான் வேண்டுமா?

கேள்வி: நாகர்கோவிலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிறோம். தக்கலையில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை, காலை 9 முதல் மாலை 5 வரை. கைக்கு வரும் சம்பளம் 22,000 ரூபாய். கணவருக்குத் திருவனந்தபுரத்தில் வேலை. விடியற்காலை ரயிலுக்குப் போனால் திரும்பிவர ராத்திரி எட்டு மணி ஆகும். மகளுக்கு ஒரு வயது இரண்டு மாதம். இதுவரை மாமியார் பார்த்துக்கொண்டார். மூட்டு வலி கூடிவிட்டதால் இனி அவரால் முடியாது. பக்கத்துத் தெரு டே கேரில் மாதம் 9,000, சேர்க்கைக் கட்டணம் 10,000 கேட்கிறார்கள். அதுவும் 9 முதல் 4 மணி வரைதான். அதற்கு வெளியே ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 60 ரூபாய். கருங்கலில் இருக்கும் என் அம்மா, பிள்ளையைத் தன்னிடம் விட்டுவிட்டு சனி, ஞாயிறு வந்து பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். வேலையை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. எங்களுக்குக் கட்டுப்படியாகும் வழி உண்டா?
– நாகர்கோவில் வாசகி

பதில்: வேலையை விடுகிற முடிவை இப்போது எடுக்காதீர்கள். உங்களுக்கு வழி இருக்கிறது. ஆனால் தேடுகிற இடத்தை மாற்ற வேண்டும்.

முதலில் கணக்கு. அந்த டே கேரின் கட்டணம் உங்களுக்கு 9,000 இல்லை. தக்கலையில் 9 மணிக்கு இருக்க வேண்டுமென்றால் 8 மணிக்கே பிள்ளையை விட்டாக வேண்டும். 5 மணிக்குக் கிளம்பினால் நாகர்கோவில் வந்து சேர 6 ஆகும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், ஆக மூன்று மணி நேரம் கூடுதல். ஒரு நாளைக்கு 180 ரூபாய். மாதம் 25 நாள் என்றால் 4,500. ஆக மொத்தம் 13,500. சம்பளத்தில் பாதிக்கு மேல் போகிறது. "வேலைக்குப் போய் என்ன மிச்சம்?" என்ற எண்ணம் இங்கிருந்துதான் வருகிறது, அது நியாயமானதும்கூட.

அந்த மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதி நீங்கள் வேலை பார்க்கும் நேரம் இல்லை, ரோட்டில் இருக்கும் நேரம். நீங்கள் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பதற்கும் சேர்த்து டே கேருக்குப் பணம் கட்டுகிறீர்கள். இதே பிள்ளையைத் தக்கலையிலேயே, மருத்துவமனைக்குப் பக்கத்தில் விட்டால் 8.45-க்கு விட்டு 5.15-க்கு எடுத்துவிடலாம். அங்கேயும் இதே கட்டணம்தான் என்று வைத்துக்கொண்டாலும், கூடுதல் நேரம் ஒன்றரை மணியாகக் குறைந்து 4,500 ரூபாய் 2,250 ஆகிவிடும். கலெக்டர் ஆபீஸ் பக்கத்துக் கட்டட வாடகை அங்கே கிடையாது என்பதால் மாதக் கட்டணமும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அதனால் பார்வதிபுரம் தாண்டி, சுங்கான்கடை, வில்லுக்குறி, தக்கலை என்று நீங்கள் தினமும் போகிற பாதையில் தேடுங்கள். தக்கலையிலேயே கிடைத்துவிட்டால், பிள்ளைக்குத் திடீரென்று காய்ச்சல் என்று போன் வந்தால் பத்து நிமிடத்தில் நீங்கள் அங்கே இருக்கலாம். எனக்குப் பணத்தைவிட இது பெரிய காரணம்.

பிள்ளையோடு பயணம் செய்வது சிரமம்தான், மறுக்கவில்லை. சாதாரணக் கட்டண அரசு டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, 5 வயது வரை பிள்ளைகளுக்கும் டிக்கெட் இல்லை. அதனால் செலவு கூடாது. ஸ்கூட்டரில் கொண்டுபோவதாக இருந்தால், 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று மோட்டார் வாகன விதி சொல்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் டாரஸ் லாரிகளுக்கு நடுவே தினமும் இரண்டு வேளை கைக்குழந்தையோடு ஸ்கூட்டர் வேண்டாம் என்பது என் கருத்து. பஸ்ஸே நல்லது.

அடுத்து, உங்கள் மருத்துவமனை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி செய்து தர வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு பயன் சட்டத்தில் திருத்தம் வந்தது. 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. 50 பெண்கள் என்று இல்லை, ஆண், பெண் எல்லோரையும் சேர்த்துத்தான் 50. ஓய்வு நேரத்தையும் சேர்த்து, தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை காப்பகத்துக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்து வரவும் அனுமதி உண்டு. இதோடு, பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளும் உங்கள் உரிமை. உங்களுக்கு அதில் ஒரு மாதம் இன்னும் பாக்கி இருக்கிறது.

நிர்வாகத்திடம் "காப்பகம் கட்டுங்கள்" என்று போய் நின்றால் இடமில்லை, ஆளில்லை என்று பேச்சு முடிந்துவிடும். சட்டம் இன்னொரு வழியும் தருகிறது. நிறுவனம் தானே காப்பகம் நடத்த வேண்டியதில்லை. அருகில் உள்ள தனியார் காப்பகத்தையோ, தொண்டு நிறுவனம் நடத்துவதையோ, பல நிறுவனங்கள் சேர்ந்து நடத்துவதையோ பயன்படுத்திக்கொள்ளலாம். எனவே தக்கலையில் ஒரு நல்ல டே கேரை நீங்களே பார்த்து வைத்துக்கொண்டு, "இதோடு ஒப்பந்தம் போட்டு எங்கள் பிள்ளைகளுக்கு இடம் வாங்கித் தாருங்கள்" என்று கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். ஒரு மருத்துவமனையில் நர்ஸ்கள், லேப் டெக்னீஷியன்கள், பில்லிங் பிரிவுப் பெண்கள் என்று இதே தவிப்பில் இருப்பவர்கள் இன்னும் சிலராவது இருப்பார்கள். எல்லோரும் கையெழுத்திட்டு எழுத்தில் கொடுங்கள், ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கோபமாக எழுத வேண்டாம், எத்தனை பிள்ளைகள், என்ன வயது, எந்த நேரம் என்று விவரமாக எழுதினால் போதும். ஐந்தாறு பிள்ளைகள் மொத்தமாகச் சேர்கிறார்கள் என்றால் டே கேர் நடத்துபவரும் கட்டணத்தில் இறங்கி வருவார்.

சரி, அரசுக் காப்பகங்கள்? அங்கன்வாடியில் முன்பருவக் கல்விக்கு 2 வயதிலிருந்துதான் சேர்த்துக்கொள்வார்கள். உங்கள் மகளுக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. ஆனால் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகம் என்று ஒன்று உண்டு. 'பால்னா' திட்டத்தில் வருகிற அந்தக் காப்பகங்கள் 6 மாதம் முதல் 6 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானவை, வேலைக்குப் போகும் தாய்மாரை மனதில் வைத்து வந்தவை. தக்கலை, குருந்தன்கோடு, ராஜாக்கமங்கலம், அகஸ்தீஸ்வரம் வட்டாரங்களின் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகங்களில் "உங்கள் வட்டாரத்தில் பால்னா காப்பகம் எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். 'அங்கன்வாடி' என்று மட்டும் கேட்டால் அவர்கள் 2 வயது ஆகட்டும் என்று சொல்லி அனுப்பிவிடலாம்.

2 வயது ஆனதும் அங்கன்வாடியையும் கட்டாயம் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். டவுனில் வாடகை வீட்டில் இருக்கும் பலரும் "அது நமக்கு இல்லை" என்று பார்க்காமலே ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம். பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மடியில் வைத்துப் பாட்டு சொல்லிக்கொடுக்கிற டீச்சர் இருக்கிற அங்கன்வாடியை, கலர் சுவரும் ஏசியும் உள்ள பல டே கேர்களைவிட நான் மேலாக நினைக்கிறேன். சூடான சாப்பாடு, முட்டை எல்லாம் உண்டு, கட்டணமும் கிடையாது. எல்லா அங்கன்வாடியும் அப்படி இல்லை, அதனால்தான் நேரில் பார்க்கச் சொல்கிறேன். அங்கன்வாடி மாலைவரை இருக்காது என்பதால், அதன் பிறகு 5 மணிவரை பார்த்துக்கொள்ள மட்டும் ஆள் பிடித்தால் செலவு வெகுவாகக் குறையும்.

இனி, டே கேர் பார்க்கப் போகும்போது. ஒன்றிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஏன் அதிகம் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், மலிவு எங்கே நல்லது, எங்கே ஆபத்து என்பதும் புரியும். ஓர் ஆயாவுக்கு மாதம் 9,000 சம்பளம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அவர் நான்கு கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டால், ஒரு பிள்ளைக்கு ஆயா செலவு மட்டும் 2,250. பத்துப் பிள்ளைகளைப் பார்த்தால் 900. வாடகை, கரண்ட், சாப்பாடு எல்லாம் இதற்கு மேல். ஆக, யாராவது ஒரு வயதுப் பிள்ளையை நாள் முழுக்க 2,000 ரூபாய்க்குப் பார்த்துக்கொள்கிறேன் என்றால், ஓர் ஆயாவிடம் நிறையப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். வாடகை குறைவதால் வரும் மலிவை ஏற்றுக்கொள்ளுங்கள், ஆள் குறைவதால் வரும் மலிவை வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் மகளின் வயதில் ஓர் ஆயாவுக்கு நான்கைந்து பிள்ளைகளுக்கு மேல் இருக்கக் கூடாது என்பேன்.

சேர்க்கைக்குக் கூப்பிடும் நேரத்தில் மட்டும் போகாதீர்கள். மத்தியானம் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் ஒரு நாள், சாயங்காலம் நாலரை மணி வாக்கில் இன்னொரு நாள் சொல்லாமல் போய் நில்லுங்கள். சாயங்காலம்தான் ஆயாக்கள் களைத்திருப்பார்கள், ஒன்றிரண்டு பேர் வீட்டுக்கும் போயிருப்பார்கள். அழுகிற பிள்ளையைத் தூக்க ஆள் இருக்கிறதா, இல்லை எல்லாப் பிள்ளைகளையும் டிவி முன்னால் உட்கார வைத்திருக்கிறார்களா என்று அப்போது தெரியும். உள்ளே விட மறுத்தால் அந்த இடம் வேண்டாம். இந்த ஆயா எத்தனை காலமாக இங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆயா மாறும் இடத்தில் சின்னப் பிள்ளைகள் நிலைகொள்ள மாட்டார்கள்.

நம் மாவட்டத்தில் இன்னொன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அது தண்ணீர். வீட்டையே டே கேராக மாற்றிய இடங்களில் பின்பக்கம் கிணறு இருக்கும், பக்கத்தில் சானல் என்று நாம் சொல்லும் வாய்க்காலோ குளமோ இருக்கும். கிணற்றுக்குக் கம்பி வலை மூடி இருக்கிறதா, தரைமட்டத் தண்ணீர்த் தொட்டி மூடியிருக்கிறதா, வாசல் கேட்டுக்குப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று நீங்களே நடந்து பாருங்கள். பாத்ரூம் பக்கெட்டில் நிறைந்திருக்கும் தண்ணீர்கூட ஒரு வயதுப் பிள்ளைக்கு ஆபத்து. நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு. மழைக்காலத்தில் அந்த இடத்தில் தண்ணீர் தேங்குமா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.

பணம் கட்டும் முன் விடுமுறைப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். கோட்டாறு சவேரியார் திருவிழா, சுசீந்திரம் தேரோட்டம், மண்டைக்காடு கொடை என்று நமக்கு உள்ளூர் விடுமுறைகள் உண்டு. பள்ளிக்கூடத்தோடு சேர்ந்த டே கேர் அன்றைக்குப் பூட்டியிருக்கும், உங்கள் மருத்துவமனை பூட்டாது. தாமதமானால் எவ்வளவு, பாதியில் நின்றால் சேர்க்கைக் கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் போகாத நாட்களுக்கு என்ன கணக்கு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். 10,000 ரூபாய் சேர்க்கைக் கட்டணத்தை இரண்டு மூன்று தவணையாகக் கட்டலாமா என்று கேட்டுப் பாருங்கள், ஒத்துக்கொள்வார்கள்.

டே கேர் எதுவும் மனதுக்குப் பிடிக்கவில்லை என்றால், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு ஆச்சியோ அக்காவோ கிடைப்பாரா என்று பார்க்கலாம். மகளிர் குழுக்களிலும், கோயில், சர்ச் வழியாகத் தெரிந்தவர்களிடமும் சொல்லி வையுங்கள். உடன் வேலை பார்க்கும் ஒருவரின் பிள்ளையையும் சேர்த்து இருவருக்கும் ஒரே ஆள் வைத்தால் சம்பளம் பாதிப் பாதியாகும். "குடும்பத்தில் ஒருத்தி மாதிரி" என்று சொல்லிச் சம்பளத்தையும் லீவையும் பேசாமல் விட்டுவிடாதீர்கள். நேரம், சம்பளம், வார விடுமுறை, வேறு வீட்டு வேலை கிடையாது என்பது, எல்லாவற்றையும் முதல் நாளே பேசிவிடுங்கள். மரியாதையாகச் சம்பளம் கொடுக்கும் வீட்டில் ஆள் நிலைக்கும். பிள்ளையை அவர் வீட்டில் விடுவதாக இருந்தால், அங்கே வேறு யார் யார் வந்து போகிறார்கள் என்று கேட்கவும் கூச்சப்பட வேண்டாம். பிள்ளையின் பாதுகாப்பு பற்றிச் சந்தேகம் வந்தால் 1098 என்ற உதவி எண் இருபத்துநான்கு மணி நேரமும் உண்டு.

அம்மாவின் யோசனை பாசத்தில் வந்தது. ஆனால் ஒன்றேகால் வயதில் வாரம் ஐந்து நாள் தாயையும் தகப்பனையும் பார்க்காமல் இருப்பது பிள்ளைக்கும் பாரம், உங்களுக்கும் பாரம். வேறு வழியே இல்லாதவர்கள் அப்படிச் செய்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன்: வீட்டையே மாற்ற முடியுமா? வில்லுக்குறி, திங்கள்நகர், தக்கலை பக்கம் வந்தால் வாடகை குறையும், வேலை பக்கத்தில் இருக்கும், கருங்கலிலிருந்து அம்மா வாரத்தில் ஒன்றிரண்டு நாள் வந்து போகவும் வசதி. கணவர் இரணியல் ஸ்டேஷனில் ரயில் ஏறலாம். அவர் போகும் ரயில் அங்கே நிற்குமா என்பதை மட்டும் முதலில் பாருங்கள். இப்போதைய வாடகையையும் அந்த 13,500-ஐயும் கூட்டி, அங்கே ஆகும் வாடகையோடும் டே கேர் செலவோடும் ஒப்பிட்டுக் கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

எந்த இடம் முடிவானாலும், மாமியாரால் இன்னும் கொஞ்ச நாள் சமாளிக்க முடியும்போதே பிள்ளையைப் பழக்கத் தொடங்குங்கள். முதல் இரண்டு நாள் நீங்களும் கூடவே ஒரு மணி நேரம், அப்புறம் நீங்கள் இல்லாமல் இரண்டு மணி நேரம், பிறகு சாப்பாடு வரை, அதன் பிறகு தூக்கமும் அங்கே என்று ஒரு வாரம், பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக டே கேர் போகும் பிள்ளைகளுக்கு முதல் சில மாதம் சளி, காய்ச்சல் அடிக்கடி வரும். அதற்காக உங்கள் லீவில் ஐந்தாறு நாளாவது தொடாமல் வையுங்கள். கணவரும் அப்படியே வைக்கட்டும், காய்ச்சல் நாளில் ஒவ்வொரு முறையும் நீங்களே லீவு போட வேண்டும் என்று இல்லை.