வைரஸ் ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 43, திருத்துறைப்பூண்டி பக்கம் விவசாயம். வெளிநாட்டு வேலைக்காக மெடிக்கல் பார்த்தபோது ஹெபடைட்டிஸ் பி இருப்பது தெரிந்தது. இரண்டு வருடமாக டினோஃபோவிர் 300 தினம் ஒன்று போட்டேன். போன முறை வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும்) டெஸ்டில் ‘கண்டறியப்படவில்லை’ என்று வந்தது. உடம்பும் நன்றாக இருப்பதால் 18 நாளாக மாத்திரை போடவில்லை, கீழாநெல்லி மட்டும் அரைத்து மோரில் கலந்து குடிக்கிறேன். என் தம்பிக்கும் இதே பிரச்சினை, அவன் போடுவது என்டெகாவிர். யாருக்காவது தீர்ந்துபோனால் ஒருவர் மாத்திரையை ஒருவர் வாங்கிப் போட்டுக்கொள்வோம். நடவு சமயத்தில் இடுப்பு வலிக்கு ஊசியும் போட்டுக்கொள்கிறேன். இனிமேல் எனக்கு மாத்திரை தேவைதானா?

பதில்: தேவைதான் ஐயா. வீட்டில் மாத்திரை மிச்சம் இருந்தால் இன்று ராத்திரியே மறுபடி ஆரம்பியுங்கள். நாளைக்கே உங்கள் டாக்டருக்குப் போன் போட்டு 18 நாள் விட்டுவிட்டேன் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வாரத்துக்குள் எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் செல் சேதமானால் ரத்தத்தில் ஏறுவது), பிலிருபின் (காமாலையைக் காட்டுவது), ரத்தம் உறையும் நேரம், வைரல் லோடு எல்லாம் பார்த்தாக வேண்டும். இதற்கு நடுவில் கண் மஞ்சளாகி, சிறுநீர் கட்டங்காபி மாதிரி போய், சோற்றைப் பார்த்தாலே குமட்டினால் டெஸ்டுக்காகக் காத்திருக்க வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

‘கண்டறியப்படவில்லை’ என்ற அந்த ஒரு வார்த்தைதான் உங்களை ஏமாற்றிவிட்டது. உங்களை மட்டுமில்லை, என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேரை அது ஏமாற்றுகிறது. வயலில் கோரை பார்த்திருப்பீர்கள். மேலே இருப்பதை எத்தனை முறை அறுத்தாலும், மண்ணுக்குள் கிழங்கு கிடக்கிற வரைக்கும் மறுபடி தலை நீட்டும். இந்த வைரஸும் அப்படித்தான். கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் தன் மரபுப் பொருளை ஒரு சின்ன வளையமாகப் பதுக்கி வைத்துக்கொள்கிறது, அதுதான் கிழங்கு. டினோஃபோவிரோ என்டெகாவிரோ அந்தக் கிழங்கைத் தொடுவதில்லை, அதிலிருந்து புதுசு புதுசாக வைரஸ் நகல் எடுக்கிற வேலையை மட்டும்தான் தடுக்கின்றன. டெஸ்ட் பார்ப்பது ரத்தத்தில், கிழங்கு இருப்பது கல்லீரலில். மாத்திரை ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்குத்தான் அந்த ரிப்போர்ட் சாட்சி. அதைக் காட்டி மாத்திரையை நிறுத்துவது, அறுத்த வயல் பச்சையாக இல்லை என்பதற்காகக் கோரையே ஒழிந்தது என்று நினைக்கிற மாதிரி.

நிறுத்தினால் என்ன ஆகும்? சிலருக்கு ஒன்றும் ஆகாது, அதை மறைக்க மாட்டேன். சிலருக்கு வைரஸ் ஒரேயடியாகப் பெருகும், அதைப் பார்த்துவிட்டு உடம்பின் எதிர்ப்புச் சக்தி கல்லீரல் மேலேயே பாயும். என்னிடம் ஒருவர் வந்தார், பாபநாசம் பக்கம். கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டவர், விரதத்தோடு மாத்திரை எதற்கு என்று யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்திவிட்டார். பொங்கல் கழிந்து வந்தபோது கண் இரண்டும் மஞ்சள் கிழங்கு, எஸ்.ஜி.பி.டி. 900-ஐத் தாண்டியிருந்தது. மூன்று வாரம் வார்டில் கிடந்து பிழைத்துக்கொண்டார். கல்லீரல் ஏற்கெனவே சுருங்கிப் போனவராக இருந்தால் அந்த ஆட்டத்தைத் தாங்கியிருக்காது. அதனால்தான் சிரோசிஸ் வந்தவர்களுக்கு ஆயுசு முழுக்க மாத்திரை என்கிறோம். மற்றவர்களுக்கு நிறுத்தவே முடியாது என்பதில்லை. மேற்பரப்பு ஆன்டிஜன், அதாவது நீங்கள் மெடிக்கலில் ‘பாசிட்டிவ்’ என்று பார்த்த அந்த டெஸ்ட், நெகட்டிவாக மாறினால் நிறுத்துவதைப் பற்றிப் பேசலாம். ஆனால் மாத்திரையில் இருப்பவர்களிலும் அது வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்கு நடந்தால் பெரிது. வேறு சில நிலைமைகளிலும் நிறுத்திப் பார்ப்பது உண்டு, அதுவும் மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே செய்கிற காரியம்.

கீழாநெல்லி விஷயத்துக்கு வருகிறேன், இதற்கு எனக்கு நிறையக் கடிதம் வருகிறது. அது வெறும் பாட்டி வைத்தியம் என்று தூக்கிப்போட மாட்டேன். 1988இல் சென்னை ஆய்வாளர்கள் நடத்திய ஓர் ஆய்வு லான்செட் இதழிலேயே வந்தது, கீழாநெல்லி கொடுத்த 37 பேரில் 22 பேருக்கு அந்த மேற்பரப்பு ஆன்டிஜன் மறைந்தது என்றார்கள். இந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976இல் நோபல் பரிசு வாங்கிய புளூம்பெர்க்கும் அந்த ஆய்வில் ஒருவர். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பின்னால் வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆக, மாத்திரைக்குப் பதிலாகக் கீழாநெல்லி என்பதற்கு இன்றைக்கு ஆதாரம் இல்லை. காமாலைக்குக் குடித்துச் சரியானவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள், அவர்களுக்கு வந்தது பெரும்பாலும் தண்ணீரில் பரவுகிற ஏ அல்லது ஈ வகை, அது எதையும் குடிக்காவிட்டாலும் தானாகப் போய்விடும்.

அதைவிட எனக்குப் பயம் கொடுப்பது அந்த இடுப்பு வலி ஊசி. நீங்கள் பெயர் எழுதவில்லை, ஆனால் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக்காகத்தான் இருக்கும். டினோஃபோவிர் சிறுநீரகம் வழியாக வெளியேறுகிற மருந்து, சிலருக்குச் சிறுநீரகத்தையே கொஞ்சம் கொஞ்சமாகத் தொந்தரவு செய்யும். அதன் மேல் டைக்ளோஃபெனாக், அதன் மேல் வெயிலில் நாளெல்லாம் குனிந்து நின்று தண்ணீர் குடிக்காத உடம்பு என்று மூன்றும் சேர்ந்தால் கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு, ரத்தத்தில் ஏறிவிடும். வலிக்குப் பாராசிட்டமால் 500 போடுங்கள், ஒரு நாளைக்கு நாலுக்கு மேல் வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் ‘வலி மாத்திரை’ என்று பொதுவாகக் கேட்டு வாங்காதீர்கள். பெயர் தெரியாத மூட்டுவலிப் பொடியும் வேண்டாம், சிலதில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், அது தூங்குகிற வைரஸைத் தட்டி எழுப்பும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கிரியேட்டினின், பாஸ்பரஸ், சிறுநீரில் புரதம் பாருங்கள். ஏறுகிறது என்றால் அளவை மாற்றவோ வேறு மருந்துக்குப் போகவோ வழி இருக்கிறது, அதற்காக நீங்களாக நிறுத்த வேண்டாம்.

அண்ணன் தம்பி மாத்திரை மாற்றிக்கொள்கிற கதையைப் படித்ததும் சிரிப்பு வந்தது, உடனே கவலையும் வந்தது. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேலையைச் செய்பவைதான், நாலு நாள் மாறிப்போனதால் தலை போய்விடாது. ஆனால் எடுத்துக்கொள்ளும் விதம் வேறு. உங்கள் டினோஃபோவிரைச் சாப்பிட்டோ சாப்பிடாமலோ போடலாம். தம்பியின் என்டெகாவிர் வெறும் வயிற்றில்தான் ஏறும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், போட்ட பிறகு இரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. விடிகாலை இட்லியோடும் காபியோடும் விழுங்கினால் ஒரு பங்கு வீண். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாடு, பத்தரைக்கு ஒரு டம்ளர் தண்ணீரோடு மாத்திரை, படுக்கை என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இன்னொன்று, தம்பி முன்பு எப்போதாவது லாமிவுடின் என்ற பழைய ஹெபடைட்டிஸ் பி மாத்திரை சாப்பிட்டவரா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அவருக்கு என்டெகாவிர் சரிப்படாமல் போகலாம், டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

இரண்டு பேருக்கும் ஆரம்பிக்கும்போது எச்.ஐ.வி. டெஸ்ட் பார்த்தார்களா? இல்லையென்றால் பாருங்கள். கோபப்பட வேண்டாம், இது ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வி இல்லை. எச்.ஐ.வி.யும் இருப்பது தெரியாமல் இதில் ஒரே ஒரு மருந்தைத் தனியாகக் கொடுத்தால் அந்த எச்.ஐ.வி. மருந்துக்கு மசியாததாகிவிடும், அதற்காகத்தான் எல்லாரிடமும் கேட்கிறோம்.

மாத்திரை தீர்ந்துபோவது ஏன்? பணமா, மறதியா? பணம் என்றால், 2018 ஜூலை 28 முதல் தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் இருக்கிறது, டெஸ்டும் மருந்தும் இலவசம். பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனையில் கொடுக்கிறார்கள் என்று மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரியிலோ விசாரியுங்கள். மறதி என்றால், அன்றைக்கு ஞாபகம் வந்ததும் போடுங்கள், பாதி நாளுக்கு மேல் தாண்டியிருந்தால் விட்டுவிட்டு அடுத்த வேளை வழக்கம்போல் போடுங்கள், சேர்த்து இரண்டு வேண்டாம். அப்புறம் மாத்திரையை அது வந்த டப்பாவிலேயே வையுங்கள். ஒரு பெரியவர் வயலுக்குப் போகும்போது வசதி என்று மாத்திரைகளை வெற்றிலைப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார், திறந்து காட்டினார், கும்பகோணம் வெற்றிலையின் ஈரத்தில் ஊறி, ஓரமெல்லாம் சுண்ணாம்பு அப்பி, எது மாத்திரை எது பாக்கு என்று தெரியவில்லை. டப்பாவுக்குள் இருக்கிற அந்தச் சின்னப் பொட்டலம் ஈரத்தை உறிஞ்சத்தான், அதைத் தூக்கி எறிய வேண்டாம்.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் இருக்கிறது என்றால் பெரும்பாலும் பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து வந்திருக்கும். அம்மா மேல் குற்றம் இல்லை, அவருக்கே தெரிந்திருக்காது. அம்மா இருந்தால் அவருக்கும், அக்கா தங்கைகளுக்கும், உங்கள் மனைவி பிள்ளைகளுக்கும் டெஸ்ட் பார்த்துவிடுங்கள். இல்லாதவர்களுக்கு 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று தடுப்பூசி போட்டால் போதும். ஒரே தட்டில் சாப்பிடுவதால் பரவாது, தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்து மனதை நோகடிக்காதீர்கள். ஷேவிங் பிளேடையும் பல் பிரஷ்ஷையும் மட்டும் தனியாக வைத்தால் சரி, மனைவிக்கு ஊசி முடிகிற வரைக்கும் ஆணுறை.

உங்களுக்கு நாற்பது தாண்டிவிட்டது, அதனால் வைரஸ் தெரியாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒரு வயிற்று ஸ்கேன் உண்டு, கல்லீரலில் கட்டி ஏதாவது கிளம்புகிறதா என்று பார்க்கத்தான். சாராயம், பீர், கல்யாண வீட்டில் ஒரு பெக் எதுவும் வேண்டாம். ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள், எஸ்.ஜி.பி.டி. எவ்வளவு, கிரியேட்டினின் எவ்வளவு, போட்ட ஊசியின் பெயர் என்ன என்பதோடு. தம்பியையும் தன் சீட்டைப் பார்த்து மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்று எழுதச் சொல்லுங்கள்.