ஆறு ஏன் தடம் மாறுகிறது? கேள்வி பதில்

கேள்வி: சமவெளியில் தடுக்க எதுவும் இல்லையே, அங்கே ஆறு ஏன் வளைந்து வளைந்து ஓடுகிறது?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. கரையில் ஓரிடம் லேசாகச் சரிந்தாலே நீரோட்டம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். அப்புறம் அந்த வளைவு தானாகவே வளரும். வெளிக்கரையில் வேகம் கூடி மண்ணை அரிக்கும். உள்கரையில் வேகம் குறைந்து மணல் படியும். வளைவில் மேல்மட்ட நீர் வெளிக்கரைக்கும் அடிமட்ட நீர் உள்கரைக்கும் போவதால், ஓட்டமே கயிறு முறுக்கினாற்போல் சுழன்று நகர்கிறது. தேநீரைக் கலக்கினால் இலைத்துகள் ஓரத்தில் ஒதுங்காமல் நடுவில் வந்து சேர்கிறதே, அதற்கும் இதுதான் காரணம். 1926இல் ஐன்ஸ்டைன் ஒரு கட்டுரையில் இதை விளக்கியிருக்கிறார்.

கேள்வி: வளைவு பெரிதாகிக்கொண்டே போகுமா?

பதில்: போகாது. இரு முனைகளும் நெருங்கி, நடுவே உள்ள நிலம் குறுகி, ஏதோ ஒரு வெள்ளத்தில் அறுந்துவிடும். ஆறு குறுக்கே பாயும். விடுபட்ட வளைவுதான் பாடப்புத்தகத்தில் வரும் குருட்டு ஆறு.

கேள்வி: ஒரே நாளில் ஆறு இடம் மாறுமா?

பதில்: மாறும். ஆனால் வளைவு மெல்ல நகர்வது வேறு, இது வேறு. வண்டல் நிறைந்த ஆறு தன் படுகையை உயர்த்திக்கொண்டே வந்து, கடைசியில் சுற்றியுள்ள நிலத்தைவிட மேட்டில் ஓடும். அப்போது கரை உடைந்தால் நீர் பள்ளம் தேடிப் போய்விடும். 2008 ஆகஸ்ட் 18 அன்று கோசி ஆறு நேபாளத்தில் குசஹா அருகே கரையை உடைத்து, சுமார் 120 கி.மீ. வரை கிழக்கே தள்ளி, தான் என்றோ விட்டுப்போன தடங்களில் பாய்ந்தது. 1855இல் சீனாவின் மஞ்சள் ஆறு ஷான்டொங் தீபகற்பத்துக்குத் தெற்கே இருந்த முகத்துவாரத்தை விட்டு வடக்கே போனது.

கேள்வி: உயரமாகக் கரை கட்டினால் போதாதா?

பதில்: சில காலம் காக்கும். ஆனால் வெள்ளச் சமவெளி முழுக்கப் பரவவேண்டிய வண்டல் இரு கரைகளுக்குள்ளேயே படிந்து, படுகை இன்னும் உயரும். முடிந்த இடங்களில் கரையை ஆற்றிலிருந்து தள்ளிக் கட்டுங்கள் என்பேன்.

கேள்வி: மனை வாங்கும் இடம் பழைய ஆற்றுத்தடமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: செயற்கைக்கோள் படத்தில் பிறை பிறையாக வரிகளும் வளைந்த குளங்களும் தெரிகிறதா பாருங்கள். அமெரிக்க நிலவியலாளர் ஹெரால்டு ஃபிஸ்க் 1944இல் மிசிசிப்பி ஆற்றின் பழைய தடங்களை வண்ணம் வண்ணமாக வரைபடமாக்கியபோது விமானப் படங்கள்தான் பெரிதும் உதவின. வெள்ளக்காலத்தில் எடுத்த படத்தையும் சேர்த்துப் பாருங்கள். அந்தப் பிறைப் பள்ளங்களில்தான் தண்ணீர் முதலில் நிற்கும்.